கோசோங், தாபாவ், ஓ$ பி$: சுவா சூ காங்குக்குப் புதிதாக வந்தவருக்கு

சிங்கப்பூரின் சுவா சூ காங் ரயில் நிலையத்தை விட்டு இறங்கி, பக்கத்துப் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடையில் வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர் ஒரே மூச்சில் “கோப்பி-சி கோசோங் பெங், தாபாவ்” என்கிறார். கடைக்காரர் மறுகேள்வி கேட்கவில்லை. அரை நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கைமாறுகிறது. அடுத்தது நீங்கள்தான். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

அந்த இடத்தில் தடுமாறினால் வெட்கப்பட வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது. நமக்கு யாராவது ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர் பேசியது எந்த மொழி?

நான்கு சொல்லும் ஒரே மொழியில் இல்லை. ‘கோப்பி’யும் ‘கோசோங்’கும் மலாய். ‘பெங்’ என்பது ஹொக்கியன் (தென்சீன வட்டாரப் பேச்சுமொழிகளுள் ஒன்று). ‘தாபாவ்’ சீன மொழி வழியாக வந்தது. ‘சி’ எங்கிருந்து வந்தது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. கார்னேஷன் என்ற பால் டின்னின் முதலெழுத்து என்பார் சிலர், ஹைனான் தீவுக்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது என்பார் சிலர்.

ஏன் இப்படிக் கலந்தது? பழைய சிங்கப்பூரில் காப்பிக்கடைகள் பலவற்றை ஹைனானியர் நடத்தினார்கள். வாடிக்கையாளரில் ஹொக்கியன் பேசுகிறவர்கள் அதிகம். எல்லாருக்கும் பொதுவான சந்தைப் பேச்சு மலாய். தெருவோரத்தில் நம் ஊர்க்காரர்களின் சரபத் கடைகள் (தேநீரும் இஞ்சித் தேநீரும் விற்ற சிறு கடைகள்). ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாத இடத்தில், எல்லாருக்கும் புரிகிற சில சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

அப்படியானால் இது இரகசியம் இல்லையா?

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்). பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று நன்னூலுக்கு விளக்கம் எழுதியவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்தச் சொற்கள் வெளியாளுக்குப் புரியக் கூடாது என்றே பிறந்தவை. காப்பிக்கடைச் சொற்கள் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று பிறந்தவை. உங்களுக்குப் புரியாததற்குக் காரணம் நீங்கள் புதிது என்பது மட்டுமே. ஆனால் இதே புளோக்கில், உங்களை உள்ளே இழுத்து மாட்டவைக்கும் இன்னொரு குறியும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, நான் என்ன சொல்லிக் கேட்பது?

முதலில் பாலைத் தீர்மானியுங்கள். வெறுமனே ‘கோப்பி’ என்றால் இனிப்பான கெட்டிப்பால் (சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த டின் பால்) ஊற்றித் தருவார்கள். ‘கோப்பி-ஓ’ என்றால் பாலில்லாத கறுப்புக் காப்பி, ஆனால் சர்க்கரை இருக்கும். ‘கோப்பி-சி’ என்றால் இனிப்பில்லாத டின் பால், சர்க்கரை தனியாகச் சேரும். தேநீருக்கும் இதே கணக்கு: தே, தே-ஓ, தே-சி.

அடுத்தது இனிப்பு. ‘சியூ தாய்’ என்றால் இனிப்பு குறைவு, ‘கா தாய்’ என்றால் அதிகம், ‘கோசோங்’ என்றால் சர்க்கரையே வேண்டாம். பிறகு திடம். ‘காவ்’ என்றால் கெட்டியாக, ‘போ’ என்றால் தண்ணீராக. கடைசியில் ‘பெங்’ என்று சேர்த்தால் பனிக்கட்டி போட்டு வரும். ஊரில் டிகாக்‌ஷன் தூக்கலாகக் குடித்துப் பழகியவர்கள் ‘கோப்பி காவ்’ என்று கேட்டுப் பாருங்கள். இங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து வறுத்து, துணி வடிகட்டியில் இறக்குகிறார்கள். நம் பில்டர் காப்பியின் மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இதைத் தனிப் பானமாக நினைத்துக் குடித்தால் பிடித்துப்போகும்.

எனக்குச் சர்க்கரை நோய். ‘கோப்பி கோசோங்’ என்று கேட்டால் போதுமா?

போதாது. புதிதாக வருகிறவர்கள் பலர், ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் குறிப்பாக, இங்கேதான் ஏமாறுகிறார்கள். ‘கோப்பி’ என்ற சொல்லிலேயே கெட்டிப்பால் இருக்கிறது. அந்தப் பாலே இனிப்பு. ‘கோசோங்’ என்று சேர்த்தால் தனியாகப் போடும் சர்க்கரை நிற்குமே தவிர, பாலுக்குள் இருக்கும் சர்க்கரை எங்கும் போகாது. சர்க்கரை சேர்க்கவே கூடாது என்றால் இரண்டே வழி: பால் வேண்டாம் என்றால் ‘கோப்பி-ஓ கோசோங்’, பால் வேண்டும் என்றால் ‘கோப்பி-சி கோசோங்’. அம்மாவோ அப்பாவோ தனியாகக் கீழே இறங்கிப் போகிறவர்களாக இருந்தால், இவற்றில் வேண்டிய சொற்றொடரைத் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். வெட்கப்படுகிற விஷயமில்லை, உடம்பு விஷயம்.

சில கடைகளில் பானத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தைப் பார்ப்பீர்கள். அது நியூட்ரி-கிரேடு (பானத்திலுள்ள சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவைக் காட்டும் அரசாங்கக் குறி). கடையில் உடனுக்குடன் கலந்து தரும் பானங்களுக்கு இது 2023 டிசம்பர் 30 முதல் வந்தது. ஏ நல்லது, டி-யில் சர்க்கரையோ கொழுப்போ மிக அதிகம். இந்த ‘சி’யையும் கோப்பி-சியின் ‘சி’யையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

பரோட்டாக் கடையிலும் ‘கோசோங்’ என்கிறார்களே, அதில் ஏது சர்க்கரை?

நல்ல கேள்வி. கோசோங் என்றால் மலாயில் காலி, வெற்று. காப்பியில் காலியாவது சர்க்கரை, பரோட்டாவில் காலியாவது உள்ளே வைக்கும் பொருள். ‘கோசோங் டுவா, தெலோர் சாத்து’ என்றால் சாதா இரண்டு, முட்டை வைத்தது ஒன்று. முட்டை உள்ளே வேண்டாம், மேலே ஒட்டினாற்போல் வேண்டும் என்றால் ‘பிளாஸ்டர்’ என்று கேளுங்கள். தொலைபேசி எண் சொல்லும்போது சுழியத்தையும் சிலர் கோசோங் என்பார்கள். ஒரு சொல்லைக் கற்றால் மூன்று இடத்தில் பயன்படுகிறது.

‘மைக்கேல் ஜாக்சன்’ என்று யாராவது கேட்டால்?

பயப்படாதீர்கள், சோயாப் பாலில் கறுப்புப் புல் ஜெல்லி கலந்த பானம் அது. கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால், அவருடைய 1991ஆம் ஆண்டுப் பாட்டின் தலைப்பை நினைத்து வைத்த பெயர். ‘தாக் கியூ’ என்றால் மைலோ. ஹொக்கியனில் பந்து உதைப்பது என்று பொருள், டின்னில் பந்து விளையாடும் படம் இருந்ததால் வந்தது. ‘தியாவ் ஹூ’ என்றால் மீன்பிடிப்பது, அதாவது நூலில் தொங்கும் தேயிலைப் பை. இவற்றைக் கட்டாயம் கற்க வேண்டியதில்லை. ஆனால் பழைய காப்பிக்கடை ஆட்களின் கற்பனை இவற்றில்தான் முழுக்கத் தெரிகிறது என்பதால் எனக்கு இவைமேல் தனி ஆசை.

வீட்டுக்கு எடுத்துப்போக ‘தாபாவ்’ என்றாலும் ‘பங்குஸ்’ என்றாலும் ஒன்றே. முன்னது சீன வழி, பின்னது மலாய். கடைக்காரர் தமிழர் என்று தெரிந்தால் ‘அண்ணே, கட்டிக் கொடுங்க’ என்றாலே போதும். மற்றக் கடைகளில் வயதில் மூத்தவர்களை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடுங்கள். ‘ஹலோ’ என்று கூப்பிடுவதைவிட அது மரியாதை.

மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. யாரோ மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. இதற்குப் பெயர் ‘சோப்’ செய்வது. டிஷ்யூ, குடை, அலுவலக அட்டை, எதுவாகவும் இருக்கலாம். இது சட்டமில்லை, வழக்கம்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் சண்டை வரலாம். அவசரமாகச் சாப்பிட வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரிடம் ‘இங்கே ஆள் இருக்கிறார்களா’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். இது வழக்கம் மட்டுமல்ல, சட்டம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். வெள்ளி என்றால் டாலர்தான், சிங்கப்பூர்த் தமிழில் அப்படித்தான் சொல்வோம். பல இடங்களில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும். தயவுசெய்து பார்த்து வையுங்கள், முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு அது முக்கியம்.

‘கேன்’ என்ற ஒரு சொல்லிலேயே எல்லாரும் பேசுகிறார்களே?

ஆமாம், வால் எது என்று கவனித்தால் போதும். ‘கேன் லா’ என்றால் கவலைப்படாதே, முடியும். ‘கேன் ஆ?’ என்றால் முடியுமா என்று கேள்வி. ‘கேன் மே?’ என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. தமிழர்களுக்கு இது கடினமே இல்லை. ‘வருவான்’ என்பதன் பின்னால் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வியாகிவிடுகிற மொழியில் வளர்ந்தவர்கள் நாம். வேலையிடத்தில் மேலாளர் ‘கேன் மே?’ என்று இழுத்தால், அவர் சம்மதிக்கவில்லை, சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பிரச்சினை வரும்.

இப்படிப் பேசினால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுவிடாதா?

அரசாங்கமே ஒருகாலத்தில் கவலைப்பட்ட விஷயம். 1997இல் தொடங்கி மிகப் புகழ்பெற்ற ஒரு நகைச்சுவைத் தொடரின் நாயகன் பெயர் புவா சூ காங், நம் ஊர்ப் பெயரோடு எதுகையாய் அமைந்த பெயர். அவர் பேசியது முழுக்கச் சிங்கிலிஷ் (சிங்கப்பூரின் கலப்பு ஆங்கிலம்). 1999 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அந்தக் கதாபாத்திரத்தையே குறிப்பிட்டு, அவர் ஆங்கில வகுப்புக்குப் போவது நல்லது என்ற பொருளில் பேசினார். மறு ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. ஆனால் 2016இல் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி ‘ஷியோக்’ (ஆகா, என்ன சுகம்!) போன்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டது.

என் கருத்து எளிது. வீட்டிலும் காப்பிக்கடையிலும் பிள்ளை எப்படியும் பேசட்டும். தேர்விலும் நேர்காணலிலும் வேறு மாதிரிப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நம் தமிழ்ச் சொல் ஏதாவது இந்தக் கலவையில் உண்டா?

உண்டு, நிறைய. புளோக்கின் கீழே மிட்டாய், செய்தித்தாள், பேட்டரி விற்கும் சிறு கடையைச் சீனரும் மலாய்க்காரரும் ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். அந்த மாமா நம் மாமாதான். முட்டாளைக் ‘கூண்டு’ என்பது நம் குண்டு. ‘டேய்’, ‘மச்சா’ இரண்டும் இனம் தாண்டிப் பள்ளிக்கூடம்வரை போய்விட்டன. மலாயில் கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘கப்பால்’, கட்டிலுக்கு ‘காத்தில்’. நாம் கடன் வாங்கியவர்கள் மட்டுமல்ல, கொடுத்தவர்களும்கூட.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கேட்கிற எல்லாச் சொல்லையும் எடுத்துப் பேசிவிடாதீர்கள். இனத்தைக் குறிக்கும் பட்டப்பெயர்கள் பல வசவுகள். இந்தியர்களைக் ‘கெலிங்’ என்பது ஒருகாலத்தில் சாதாரணமாக இருந்திருக்கலாம், இன்று அது புண்படுத்தும் சொல். உங்களை யாராவது அப்படிச் சொன்னால் நட்பாகச் சொல்கிறார் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதேபோல் சீன நாட்டவருக்கும் மற்றவர்களுக்கும் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை நீங்களும் தொடாதீர்கள்.

தேசிய சேவைக்குப் (இளைஞர்களின் கட்டாயப் படைப்பணி) போன பையன் பேசுவது புரியவில்லையே?

‘புக் இன்’ என்றால் முகாமுக்குத் திரும்புவது, ‘புக் அவுட்’ என்றால் வீட்டுக்கு வருவது. ‘கெனா ஆரோ’ என்றால் யாரும் செய்ய விரும்பாத வேலை அவன் தலையில் விழுந்தது, அம்பு ஒன்றும் பாயவில்லை. ‘சாபோ’ என்றால் ஒருவன் செய்கையால் இன்னொருவன் மாட்டிக்கொள்வது. ‘வாயாங்’ என்றால் மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் வேலை செய்வதுபோல் நடிப்பது. ‘ஓ.ஆர்.டி’ அவன் விடுபடும் நாள். ‘தெக்கான்’ என்றால் கசக்கிப் பிழிவது. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். சிரிக்காமல் சொன்னால், திரும்பத் திரும்பச் சொன்னால், அதைப் பேச்சுவழக்கு என்று தள்ளிவிடாமல் உட்காரவைத்துக் கேளுங்கள்.

படிக்கட்டுச் சுவரில் ‘ஓ$ பி$’ என்று கிறுக்கியிருக்கிறது. அது என்ன?

இதுதான் நான் கடைசிக்கு வைத்த குறி. ஆங்கிலத்தில் ‘கடன் பட்டாய், பணத்தைக் கட்டு’ என்பதன் சுருக்கம். எழுதியவர் ‘ஆ லோங்’ (உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவர்) அல்லது அவருடைய ஆள். பக்கத்தில் ஒரு வீட்டு எண்ணும் இருக்கும். #05-321 என்றால் ஐந்தாம் மாடி, 321ஆம் வீடு. அந்த எண் உங்களுடையதா என்று பாருங்கள்.

நான் கடனே வாங்கவில்லை, என் வீட்டு எண் ஏன்? முன்பு குடியிருந்தவர் வாங்கியிருக்கலாம். உங்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர் வாங்கியிருக்கலாம். எழுத வந்த ஆட்கள் வீட்டு எண்ணை மாற்றி எழுதிவிடுவதும் உண்டு. எதுவானாலும் அதில் எழுதியிருக்கும் தொலைபேசி எண்ணைக் கூப்பிடாதீர்கள். அழிப்பதற்கு முன் படம் எடுத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். கதவில் சாயம் ஊற்றினாலோ, தீ வைத்தாலோ, ஆள் நின்றாலோ 999. மற்ற நேரத்தில் 1800-924-5664. அந்த எண்ணே ஒரு குறிதான்: பழைய தொலைபேசிப் பொத்தான்களில் அந்த ஏழு எண்களை எழுத்தாக்கினால் ‘எக்ஸ் ஆ லோங்’ என்று வரும். சுவரைச் சுத்தம் செய்ய நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘உடனடிக் கடன், ஆவணம் தேவையில்லை’ என்று வருகிறதே, அது உரிமம் பெற்றவர்தானே?

இல்லை. உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை. ஆகவே செய்தி வந்ததே அவர் யார் என்று சொல்லிவிடுகிறது. உரிமம் பெற்றவர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அவர்களின் பட்டியல் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது.

‘பணம் கட்ட முடியவில்லையா, உன் ஏடிஎம் கார்டைக் கொடு, சிங்பாஸைக் கொடு’ என்றால்?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிங்பாஸ் (அரசாங்க, வங்கிச் சேவைகளுக்கு உங்களை அடையாளம் காட்டும் மின்கணக்கு) உங்கள் கையெழுத்துக்குச் சமம். ‘சும்மா கணக்கை வாடகைக்கு விடு’, ‘ஒரே ஒரு வீட்டில் போய் எழுதிவிட்டு வா, வட்டியைக் கழித்துக்கொள்கிறேன்’ என்று தேனொழுகப் பேசுவார்கள். உங்கள் வங்கிக் கணக்கு அந்தத் தொழிலுக்குப் பயன்பட்டாலே, நீங்கள் துணைபோனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. முதல் முறை குற்றத்துக்கே நான்கு ஆண்டுவரை சிறை, 30,000 முதல் 300,000 வெள்ளிவரை அபராதம், ஆறு பிரம்படிவரை உண்டு. சுவரில் எழுதி மிரட்டப் போனவருக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, அபராதம், ஆறு பிரம்படிவரை உண்டு. சில நூறு வெள்ளிக் கடனுக்காக இந்த நாட்டில் வேலையையும் பேரையும் இழந்து ஊர் திரும்ப வேண்டி வரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், போலீசிடம் போக பயமாக இருக்கிறது என்றால்?

மேலே சொன்ன சட்டத்தின் முதல் இலக்கு, உரிமமில்லாமல் கடன் கொடுக்கிறவரும் அவருக்குத் துணைபோகிறவரும். இன்னும் கார்டையோ கணக்கையோ கொடுக்கவில்லை என்றால் இன்றே போங்கள், நாளை அவர்கள் கேட்கப்போவது அதைத்தான். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். பணம் அனுப்பிய விவரம், அவர்கள் தந்த கணக்கு எண், பேசிய நேரம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நம்பகமான ஒருவரை அழைத்துக்கொண்டு பக்கத்து அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். தமிழில்தான் விளக்க முடியும் என்றால் உள்ளே நுழைந்ததும் முதலிலேயே அதைச் சொல்லுங்கள். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று, அதில் பேசக் கேட்பதற்குக் கூச வேண்டாம்.